அஞ்சுவார் துயரும் அனுப்புவார் கடனும்

விழா மலர்களிலே கட்டுரை எழுதப் புகுவோர் கல்லூரியின் பழம்பெருமையையோ, ஆசிரியப் பெருந்தகைகளின் அருங்குணங்களையோ, விளையாட்டுக் களத்திற் பெற்ற வெற்றிகளையோ எடுத்துரைத்தல் வழக்கு. அவ்வழக்கு நன்றே. ஆயினும் நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள் அவற்றின் முன்னே மிகச் சிறியதாகத் தோன்றும். கைத்தொலைபேசியின் திரையிலே எதிர்பாராது தோன்றும் ஒரு பாம்பின் படமோ, சிலந்தியின் படமோ, குருதி தோய்ந்த விபத்துக் காட்சியோ, அதனைக் காணப் பொறாத ஒருவர்க்கு என்ன செய்கின்றது என்பதும், அதனை அனுப்புவோர் அவர் பொருட்டுச் செய்யக் கடவது யாது என்பதுமே அப்பொருள். சிறியதென்று எண்ணி நாமும் அதனை நெடுநாள் பொருட்படுத்தாதிருந்தோம். அவ்வாறு இருந்தமைக்கு வருந்தும்படி நேர்ந்ததனாலேயே இதனை எழுதுகின்றோம்.

நம் கல்லூரியிற் பயின்றோர் இன்று ஓரூரில் இல்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருப்போரைப் போலவே இலண்டனிலும் தொறொன்ரோவிலும் மெல்பேணிலும் வாழ்வோரும் பலர். முன்னாளிலே தபாற்காரன் செய்த வேலையையும், சந்திக் கடை வாங்கு செய்த வேலையையும் இந்நாளில் வட்ஸ்அப் குழுக்கள் செய்கின்றன. ஒரு வகுப்பில் ஒருங்கிருந்து படித்தோர் அங்கே காலை வணக்கம் கூறுவர். பிள்ளைகளின் திருமணச் செய்தியைத் தெரிவிப்பர். மரண அறிவித்தலையும் அங்கேயே இடுவர். ஆதலின் அக்குழுவில் இருத்தல் வெறும் பொழுதுபோக்கன்று. ஊரை விட்டுப் போனவர்க்கு அதுவே ஊர்.

நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர் ஒருவர் பாம்புக்கு அஞ்சுபவர். வயல் வரம்பிலே பாம்பைக் கண்டு அஞ்சுதல் எவர்க்கும் உள்ளதே. இவரோ அச்சிட்ட பாம்பின் படத்தையும் நோக்க மாட்டார். மாணவப் பருவத்தில் அவர் தம் விலங்கியற் புத்தகத்தின் இரண்டு தாள்களைப் பசையிட்டு ஒட்டி வைத்திருந்ததை நாம் கண்டிருக்கின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், நம் வகுப்பினரின் குழுவிலே ஒருவர் மலைப்பாம்பு ஆட்டை விழுங்கும் காணொளி ஒன்றை இட்டார். “இத்தகையவற்றை இங்கு இடாதிருந்தால் நன்று, என்னாற் பார்க்க இயலவில்லை” என்று நண்பர் பணிவோடு எழுதினார். ஐம்பது வயதைக் கடந்தவர்களாகிய நாம் அந்தக் கணத்தில் எட்டாம் வகுப்புப் பையன்களாகிவிட்டோம். ஒருவர் படமெடுத்த நாகத்தை அனுப்பினார்; மற்றொருவர் சட்டையுரிக்கும் சாரையை அனுப்பினார்; பொழுது சாயுமுன் குழு முழுவதும் பாம்புப் புற்றாயிற்று. நாம் பாம்பெதனையும் அனுப்பவில்லை. சிரிக்கும் முகமொன்றை மாத்திரம் இட்டோம்.

நண்பர் மறுமொழி எழுதாது குழுவை விட்டு விலகினார். 2022 ஆம் ஆண்டு முதல், வட்ஸ்அப் குழுவிலிருந்து ஒருவர் விலகினால் அதன் நிர்வாகிகளுக்கு மாத்திரமே அறிவித்தல் போகும். ஆகவே அவர் போனதை நாம் அறிந்திலோம். சில நாட்கள் அவர் பேசாதிருந்ததையும் கவனித்திலோம். சில மாதங்களின் பின் நமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர் காலமானார். செய்தி குழுவிலே வந்தது. இயன்றோர் ஈமக்கிரியைக்குச் சென்றோம். இயலாதோர் இரங்கல் எழுதினர். பரீட்சைக் கட்டணம் கட்ட வழியின்றி நின்ற நம் நண்பர்க்கு, தம் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவர் அவ்வாசிரியர். அந்த நண்பர்க்கு மாத்திரம் செய்தி எட்டவில்லை. அந்தியேட்டியும் முடிந்த பின்னரே அவர் அறிந்தார். நம்மைத் தொலைபேசியில் அழைத்து, “நான் பாம்புக்கு அஞ்சியதைப் பார்த்து நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள், அது பெரிதன்று. வாத்தியாரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்காமற் போயிற்று” என்று கூறி நிறுத்தினார். நமக்கு மறுமொழி கூற வாய் எழவில்லை.

இந்நிலையில் அச்சம் என்பது யாது என்பதனைச் சிறிது ஆராய்தல் தகும். அச்சம் பிறத்தற்குரிய களங்களைத் தெய்வம், விலங்கு, கள்வர், அரசன் என நான்காக வகுத்துரைத்தார் தொல்காப்பியர். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருத்தலை அறிவுடைமை என வள்ளுவரும் கொண்டாரல்லர். ஆகவே அச்சம் இயல்பானது. உயிர் காப்பதும் ஆகும். நாம் இங்கே பேசுவது அவ்வச்சத்தையன்று. தீங்கின் அளவுக்குச் சிறிதும் பொருந்தாது எழுந்து, அறிவு தடுப்பவும் நில்லாது, நெஞ்சைப் படபடக்கச் செய்து, மூச்சை முட்டவைத்து, வாழ்க்கையின் வழியையே மாற்றிவிடும் அச்சத்தை மருத்துவர் வேறாகப் பிரித்துக் கூறுவர். அதனை வெருட்சி என்போம். நம் தோட்டங்களிலே பறவைகளை வெருட்ட நாட்டும் பொம்மையை வெருளி என்கின்றோமன்றோ? பறவை அதனை ஆளென்று எண்ணி அஞ்சுகின்றது. வெருட்சியுடைய மனிதரோ அது பொம்மையே என்பதனை நன்கறிந்தும் அஞ்சுகின்றார். வேறுபாடு இதுவே.

கயிற்றைப் பாம்பென மயங்கும் உவமையை நம் சமயநூல்களைக் கற்றோர் நன்கறிவர். விளக்கைக் கொண்டு வந்தவுடன் பாம்பு மறையும்; அச்சமும் அதனோடு அகலும். வெருட்சியின் கொடுமையோ விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதும் அச்சம் அகலாமையே. “அது வெறும் படந்தானே” என்று கூறுவோர், அவரிடத்தில் முன்னரே எரியும் விளக்கை மீண்டும் ஏற்றிக் காட்டுகின்றார்கள். படமென்பது அவர்க்குத் தெரியும். தெரிந்தும் உடல் கேட்கவில்லை என்பதே அவர் துன்பம்.

இதற்குச் சான்றாக ஒரு பேரறிஞரையே காட்டலாம். 1872 ஆம் ஆண்டில் வெளியான, மனித உணர்ச்சிகளின் மெய்ப்பாடுகளை ஆராயும் நூலிலே, சாள்ஸ் டார்வின் தாம் செய்த சோதனை ஒன்றைக் கூறுகின்றார். இலண்டன் மிருகக்காட்சிச்சாலையிலே கொடிய விரியன் ஒன்று தடித்த கண்ணாடிக்குப் பின்னே இருந்தது. டார்வின் அக்கண்ணாடியை அணுக முகத்தை வைத்து, பாம்பு தம்மை நோக்கிக் கொத்தினும் பின்வாங்குவதில்லை என்று உறுதி பூண்டு நின்றார். பாம்பு கொத்தியதுதான் தாமதம், அவ்வுறுதி காற்றிற் பறந்தது. தாம் ஓரிரு யார் தூரம் பின்னே பாய்ந்துவிட்டதாக அவரே எழுதுகின்றார். கண்ணாடியின் வன்மையை அறிந்த பேரறிஞரின் உடலே அவர் சொற்கேளாதாயிற்றெனில், கைத்தொலைபேசியின் கண்ணாடிக்குப் பின்னே தோன்றும் பாம்பைக் கண்டு நம் நண்பர் அதனைக் கீழே போட்டதில் நகுதற்கு யாதுளது?

இத்தகையோர் எத்தனை பேர் இருப்பர் என வினவலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவிற் பல நாடுகளில் நிகழ்ந்து 2017 இல் வெளியான கணிப்பொன்று, நூற்றுவரில் ஏறத்தாழ எழுவர் வாழ்நாளில் ஒரு காலத்திலேனும் இவ்வகை வெருட்சிக்கு ஆளாவர் எனக் காட்டுகின்றது. நூறு பேர் கொண்ட நம் குழு எதிலும் எழுவர் இருத்தல் கூடும் என்பது இதனாற் பெறப்படும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட நோய்ப்பகுப்பு நூலின் ஐந்தாம் பதிப்பு, இவ்வெருட்சிகளை ஐந்து வகையாக்குகின்றது. விலங்கு பற்றியன, உயரம், புயல், நீர் முதலிய இயற்கை பற்றியன, குருதி, ஊசி, காயம் பற்றியன, விமானம், மின்தூக்கி, அடைத்த அறை முதலிய நிலைமைகள் பற்றியன, இவற்றுள் அடங்காத பிற என்பன அவை. பொதுவாக ஆறு திங்கள் அல்லது அதற்கு மேலும் நீடித்து, வாழ்வுக்கு இடையூறு செய்தாலே அது நோயெனப்படும். இவற்றுள் குருதி பற்றிய வெருட்சி தனித்தன்மை உடையது. ஏனையவற்றில் நெஞ்சுத் துடிப்பு ஏறிச் செல்ல, இதிலோ முதலில் ஏறிய குருதியமுக்கம் திடீரெனத் தாழ்ந்து சிலர் மயங்கி வீழ்வர். வீதி விபத்துப் படங்களை மறுமுறை எண்ணாது பகிர்வோர் இதனை உளங்கொள்ளல் வேண்டும். பேருந்திலே நின்றுகொண்டு தம் தொலைபேசியைத் திறப்பவர் எவரென்பதனை அனுப்புபவர் அறியார்.

படங்கள் முன்னாளிலும் இருந்தனவே, இன்று மாத்திரம் இது பெரிதாவது ஏன் என்று கேட்கலாம். புத்தகத்திலுள்ள பாம்பு தன் தாளிலேயே கிடக்கும், அத்தாளை ஒட்டிவிடலாம். திரைப்படத்துப் பாம்பைக் காண விரும்பாதவர் கொட்டகைக்குப் போகாதிருக்கலாம். சமூக வலைத்தளத்துப் பாம்புக்கோ தாளுமில்லை, கொட்டகையுமில்லை. படுக்கையிலே, உணவுண்ணும் மேசையிலே, முகத்துக்கு ஒரு முழத் தூரத்திலே, கேளாமலே வந்து நிற்கும். காணொளியாயின் தானாகவே ஓடவுந் தொடங்கும். மாங்குளத்தருகே 2009 இல் அகப்பட்ட பெருஞ்சிலந்தி ஒன்று 2012 இல் புதிய இனமென ஆய்வாளரால் விவரிக்கப்பட்டது. நம்மவர் புலிமுகச் சிலந்தி என்று வழங்கும் வகையைச் சேர்ந்த அது, கால் விரித்தால் எட்டு அங்குலம். மாங்குளத்தான் ஒருவன் வாழ்நாள் முழுவதும் நேரிற் காணாதிருக்கக்கூடிய அச்சிலந்தியின் படம் சில நாட்களுள் உலகின் பல மூலைகளுக்கும் பரவிற்று. அறிவியற் செய்தி என்ற அளவில் அது நமக்குப் பெருமை தருவதே. சிலந்திக்கு அஞ்சுவார்க்கு அது விடிகாலை வேளையில் எதிர்பாராது விழுந்த அடி.

இன்னொரு சூழ்ச்சியும் உளது. இத்தளங்களை இயக்கும் கணினி முறைகள், நாம் எக்காட்சியை விரும்பினோம் என்பதனை மாத்திரமன்றி, எக்காட்சியில் எவ்வளவு நேரம் தரித்தோம் என்பதனையும் கணக்கிட்டு, அதற்கேற்ப மேலும் மேலும் கொண்டுவந்து குவிப்பன. விருப்பத்தால் தரித்தவனையும் விறைத்துப்போய்த் தரித்தவனையும் அக்கணக்கு எளிதிற் பிரித்தறிவதில்லை. அஞ்சி நின்றவன்முன் மறுநாளும் பாம்பு வருதற்கு அதுவே வழியாகலாம்.

இவற்றினின்றும் ஒதுங்குதற்குச் சில வழிகள் தளங்களிலேயே உள. இன்று எக்ஸ் எனப் பெயர் மாறிய ருவிற்றர், குறித்த சொற்களையுடைய பதிவுகளை மறைக்கும் வசதியை 2016 இல் அளித்தது. இன்ஸ்ரகிராம் 2017 முதல், கொடியவை எனக் கருதப்படும் சில படங்களை மங்கலாக்கி, பார்ப்பவர் விரலால் தொட்ட பின்னரே தெளிவாகக் காட்டுகின்றது. காணொளிகள் தாமே ஓடுவதையும், வட்ஸ்அப்பில் வரும் படங்கள் தாமே இறங்குவதையும் நிறுத்திவைக்கலாம். இவ்வகைக் காட்சி வேண்டாம் என்று தளத்துக்கே தெரிவிக்கவும் செய்யலாம். அஞ்சுவோர் இவற்றைச் செய்துகொள்ளுதல் கோழைத்தனமன்று. மழைக்குக் குடை பிடித்தல் போல்வதே.

ஆயினும் அக்குடையில் ஓட்டைகள் உள. சொற்களை மறைக்கும் முறை சொல்லைக் கண்டாலன்றோ மறைக்கும்? ஒரு சொல்லுமின்றி வரும் படத்தை அது விட்டுவிடும். பாம்பு என்ற சொல்லைத் தடுத்து வைத்தால், அரவு என்றும் நாகம் என்றும் சர்ப்பம் என்றும் புடையன் என்றும் வருவனவற்றுக்கு வாயில் திறந்தே கிடக்கும். தமிழின் சொல்வளம் ஈண்டு பகையாய் முடிகின்றது. ஆகவே அஞ்சுவோர் தாமே தம்மை முற்றாகக் காத்துக்கொள்ளல் இயலாது. அனுப்புவோரின் உதவி வேண்டும்.

இனி, ஒதுங்குதலைப் பற்றியே ஒரு தடையுண்டு. அதனை மறைக்காது கூறுதல் நம் கடன். அஞ்சியதைக் கண்டு ஓடுபவர் உடனே ஓர் ஆறுதல் பெறுகின்றார். அவ்வாறுதலே ஓடியதற்குப் பரிசாகி, அடுத்த முறை இன்னும் விரைவாய் ஓடச் செய்கின்றது. ஓடிக்கொண்டேயிருப்பவர்க்குத் தாம் அஞ்சியது தீங்கற்றது என்று உடல் கற்றுக்கொள்ளும் வாய்ப்பே கிடைப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் மௌறர் 1947 இல் இதனை விளக்கியுரைத்தார். ஆகவே ஒதுங்குதல் ஒன்றே வாழ்வாயின், வேலி நாளுக்கு நாள் உள்ளே நகர்ந்து, ஈற்றில் நிற்பதற்கும் நிலமில்லாதாகும். முதலிற் காணொளியை விடுவர்; பின் குழுவை விடுவர்; பின் தோட்டத்தையும் விடுவர். ஊசிக்கு அஞ்சுபவர் வைத்தியரையே விடுவர். 2021 இல் கொரோனாத் தடுப்பூசிச் செய்திகளோடெல்லாம் தோளிலே ஊசி இறங்கும் படமே வந்துகொண்டிருந்தது. ஊசி அச்சத்தால் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவோர் உளர் என்பதனை அறிந்தும், அவரை அழைக்கும் செய்திக்கு அவரை வெருட்டும் படத்தையே முகப்பாக வைத்தமை எத்துணை முரண்!

அங்ஙனமாயின், அடிக்கடி பாம்பைக் காட்டுவதே மருந்தன்றோ, நம் நண்பர்கள் செய்தது நன்மையன்றோ என்று சிலர் வாதிடுவர். இதுவே இப்பொருளிற் பெரிய மயக்கம். வெருட்சியைத் தீர்க்கும் முறைகளின் வரலாற்றைப் பார்ப்போம். 1924 இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலுக்கு அஞ்சிய பீற்றர் என்ற சிறு பிள்ளையின் அச்சத்தைப் போக்கினார். பிள்ளை தனக்கு விருப்பமான உணவை உண்ணுங்கால், கூட்டிலடைத்த முயலைத் தூரத்தே வைத்தார். பிள்ளை கலங்காத அளவறிந்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அணுக்கினார். முடிவிற் பிள்ளை முயலைத் தடவி விளையாடியது. தென்னாபிரிக்க மருத்துவர் ஜோசப் வொல்பே 1958 இல் வெளியிட்ட நூலிலே, இவ்வழியைப் படிப்படியான ஒரு முறையாக வகுத்தார். உடலைத் தளர்த்தி அமைதியுற்ற பின், மிகச் சிறிய அச்சத்தில் தொடங்கி, ஒரு படியில் அமைதி நிலைத்த பின்னரே மறுபடிக்கு ஏறுதல் அம்முறை.

1969 இல் அல்பேட் பண்டூராவும் அவருடன் ஆய்ந்தோரும் பாம்புக்கு அஞ்சுவோரைக் கொண்டு செய்த சோதனை நம் பொருளுக்கு மிகவும் அணித்தானது. அதில் ஒரு சாராருக்குப் பிறர் பாம்போடு பழகும் திரைப்படம் காட்டப்பட்டது. ஆனாற் படத்தை ஓட்டும் விசை பார்ப்பவர் கையிலேயே கொடுக்கப்பட்டிருந்தது. அச்சம் மிகுந்தால் அவர் நிறுத்தலாம், பின்னோக்கிச் சுழற்றலாம், அமைதியடைந்து மீண்டும் பார்க்கலாம். அவ்வாறு பார்த்தோர் பயன் பெற்றனர். மற்றொரு சாரார், ஒருவர் முன்னின்று பாம்பைத் தொட்டுக் காட்டக் கண்டு, அவர் துணையோடு தாமும் மெல்ல மெல்லத் தொட்டனர். அவர் பெற்ற பயனே எல்லாவற்றிலும் மிகுந்தது. அவர்களுட் பெரும்பாலோர் பாம்பைக் கையிலேந்தவும் வல்லராயினர்.

இம்மூன்றிலும் பொதுவாய் நிற்பது யாது? முன்கூட்டி அறிதல், சிறிது சிறிதாய் அணுகல், வேண்டும்போது நிறுத்தும் உரிமை, அருகே அன்புடையார் துணை என்பனவே. நம் குழுவில் நிகழ்ந்ததில் இவற்றுள் ஒன்றேனும் இருந்ததா? அறிவித்தல் இல்லை, படியில்லை, விசை அவர் கையில் இல்லை, துணை நின்றோர் சிரித்துக்கொண்டிருந்தோம். நீச்சல் பழக்குவதென்பது படிக்கட்டில் இறக்கிக் கைபிடித்துக் கற்பித்தல். சொல்லாமல் கிணற்றில் தள்ளுதலை எவரும் பழக்குதல் என்னார். தள்ளப்பட்டவன் பிழைத்தாலும் மறுமுறை கிணற்றடிக்கு வாரான்.

ஆகவே நாம் கொள்ளும் முடிபு இது: அஞ்சத்தக்க காட்சி உலகில் இருக்கட்டும், அதனைக் காண்பதா, எப்போது காண்பது, எவ்வளவு காண்பது என்னும் விசை அஞ்சுபவர் கையில் இருத்தல் வேண்டும். அவர் ஒதுங்குவதானாலும், எதிர்நின்று வெல்வதானாலும், இரண்டுக்கும் முதற்றேவை அவ்விசையே. 2020 இல் வெளியான கிறவுண்டட் என்னும் கணினி விளையாட்டைச் செய்தோர் இதனை உணர்ந்தனர். பெருஞ்சிலந்திகள் உலவும் அவ்விளையாட்டிலே, சிலந்தியின் உருவத்தைப் படிப்படியாகக் குறைக்கும் விசை ஒன்றை அமைத்தனர். அஞ்சுபவர் அதனைக் காலில்லாத உருண்டையாகவும் ஆக்கிக்கொள்ளலாம். விளையாட்டும் கெடவில்லை, அஞ்சுபவரும் வெளியே நிற்க நேரவில்லை.

நாம் செய்யக் கடவது அதனினும் எளிது. படத்தை இடுமுன் ஒரு வரி எழுதுதல்: “அடுத்து வருவது பாம்பின் படம்.” அவ்வொரு வரி கண்ணுக்கும் அறிவிக்கும், சொற்களை மறைக்கும் பொறிக்கும் அறிவிக்கும். பாம்பு என்பதனைப் பாம்பு என்றே எழுதுக. குறியீட்டாலும் விளையாட்டுச் சொல்லாலும் மறைத்தெழுதின் பொறி ஏமாறும். காணொளியின் முகப்புப் படமாகக் கொடிய காட்சியை வையாதிருத்தல் இரண்டாவது. காயமுற்றோர், இறந்தோர் படங்களைப் பகிராதிருத்தல் மூன்றாவது. இஃது அஞ்சுவார் பொருட்டு மாத்திரமன்று, அப்படத்தில் கிடப்பவரின் மானத்தின் பொருட்டுமாம். ஒருவர் வேண்டாம் என்று கூறினால் காரணம் கேளாதும் நகையாதும் நிறுத்துதல் நான்காவது. இந்நான்கும் நம் முன்னோர்க்குப் புதியனவல்ல. இரவிலே பாம்பின் பெயரைச் சொல்லாது, பூச்சி பொட்டு என்று கூறி விளக்கை எடுத்துச் செல்லும்படி பிள்ளைகளை எச்சரித்த பாட்டிமாரை நாம் அறிவோம். எச்சரிக்கையும் வேண்டும், வெருட்டலும் கூடாது என்ற நுட்பம் அவர்களிடம் இருந்தது.

இதற்கு மறுப்பாகக் கூறப்படுவனவற்றையும் நோக்குவோம். உலகிலுள்ள ஒவ்வோர் அச்சத்துக்கும் இடங்கொடுக்கப் புகின் எதைத்தான் இடுவது என்பர். இதில் உண்மையுண்டு. நெருங்கிய துளைகளைக் கண்டாற் சிலர்க்கு உடல் கூசும். 2013 இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர் இதனை ஆராய்ந்து எழுதினர். அக்கூச்சத்தை எழுப்பும் படங்களில் முதன்மையாகக் காட்டப்படுவது தாமரைப் பொகுட்டு! திருமகளின் இருக்கையென நாம் வணங்கும் அதுவே மற்றொருவர்க்கு அருவருப்பாகின்றது. 2019 இல் மூன்று கண்ணாடிகள் நெருங்கிய ஒளிப்படக் கருவியோடு ஐபோன் வந்தபோதும் சிலர் இவ்வாறே முறையிட்டனர். அதனால் தாமரையை விலக்குவோமா? நயினை நாகபூஷணி அம்மனின் திருவுருவத்தை இடாதிருப்போமா? வேண்டியதில்லை. நாம் கேட்பது தடையன்று, அறிவித்தல். எல்லா அச்சங்களையும் ஒருவர் முன்னறிதல் இயலாது. பலர்க்குப் பொதுவான பாம்பு, சிலந்தி, குருதி, ஊசி, உயரம் முதலிய சிலவற்றுக்கு முன்னறிவித்தலும், தம் அச்சத்தை ஒருவர் எடுத்துரைத்தால் அதற்கு மதிப்பளித்தலும் போதும்.

மற்றொரு மறுப்பு ஆய்வாளரிடமிருந்தே வருவது. இத்தகைய முன்னெச்சரிக்கைகளைப் பற்றிய பன்னிரண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2023 இல் வெளியான ஆராய்ச்சி, எச்சரிக்கையாற் கலக்கம் குறையவில்லை என்றும், காட்சிக்கு முன் சிறிது பதற்றம் கூடுகின்றது என்றும், மக்கள் அதனால் விலகிச் செல்வதும் இல்லை என்றும் கண்டது. இதனை நாம் ஏற்கின்றோம். எச்சரிக்கை மருந்தன்று, மருந்தென்று நாம் கூறவுமில்லை. ஒருவர் வீட்டுட் புகுமுன் படலையிலே நின்று குரல் கொடுக்கின்றோம். அக்குரல் வீட்டிலுள்ளாரின் நோயைத் தீர்ப்பதில்லை. அவர் கவலையைக் குறைப்பதுமில்லை. ஆயினும் குரல் கொடாது உள்ளே புகுபவனை நாம் பண்புடையவன் என்போமா? எச்சரிக்கை அத்தகையது. அதனைக் கண்டும் பார்ப்பவர் பார்க்கட்டும். தம் விருப்பத்தாற் பார்த்தார் என்பதே வேண்டப்படுவது.

அஞ்சுவோர்க்கும் ஒரு சொல் உண்டு. குடை பிடிக்கும் உரிமை உமக்கு உளது. ஆனால் வாழ்நாளெல்லாம் குடைக்குள்ளேயே இருத்தல் வேண்டா. வெருட்சி, உளநோய்களுள் நன்கு குணமாகத்தக்கவற்றுள் ஒன்று. சுவீடன் தேசத்து உளவியலாளர் லாஸ் ஓஸ்ற், ஒரு நாளில், ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில், ஒரே அமர்வாகச் செய்யும் பயிற்சியினாற் பலர் பெரும்பயன் பெற்றதை 1989 இல் எழுதினார். குருதி கண்டு மயங்குவோர் கை கால் தசைகளை இறுக்கிக் குருதியமுக்கம் தாழாது காக்கும் பயிற்சியும் அவர் வகுத்ததே. தகுந்த மருத்துவரையோ உளவளத் துணையாளரையோ நாடுதல் வெட்கத்துக்குரியதன்று. பல்வலிக்குப் பல்வைத்தியரிடம் போவோர் இதற்கு மாத்திரம் ஏன் நாணுதல் வேண்டும்?

நம் நண்பர் இப்பொழுது குழுவில் மீண்டும் இருக்கின்றார். நாம் நேரிற் சென்று பொறுத்தருளுமாறு கேட்டோம். அவர் அதனைப் பெரிதுபடுத்தாது தேநீர் தந்தார். குழுவிலே ஒரு சிறிய விதி ஏற்பட்டது. பாம்பு வருமுன் பாம்பு என்ற சொல் வரும். சென்ற ஆண்டு ஒருவர் தம் வளவிலே பிடித்துக் காட்டில் விடப்பட்ட சாரையொன்றின் படத்தை அவ்வாறு அறிவித்த பின் இட்டார். மறுநாள் நண்பர், தாம் அதனை விரலால் பாதி மறைத்து ஒரு கணம் பார்த்ததாக எழுதினார். இம்முறை சிரிக்கும் முகம் எவரும் இடவில்லை. ஆனால் ஆசிரியரின் முகத்தை அவர் காணாது போன இழப்பை அவ்விதியும் நம் வருத்தமும் ஈடுசெய்யா.

கல்லூரி நமக்குக் கற்பித்தவற்றுட் பலவற்றை மறந்துவிட்டோம். வகுப்பிலே ஒருவன் இடறி வீழ்ந்தால் நகைத்தவனை எழுப்பி நிறுத்தி, வீழ்ந்தவனைத் தூக்கிவிடச் செய்யும் ஆசிரியர்கள் நமக்கு வாய்த்திருந்தனர். அவ்வாசிரியர்கள் இன்று இல்லை. குழுக்களிலே எழுந்து நிற்கச் சொல்வாரும் இல்லை. ஆதலின் விழாக் காணும் இவ்வாண்டிலே, நம் கையிலுள்ள சிறு கண்ணாடியில் ஒரு படத்தைத் தள்ளிவிடுமுன், அதனை மறுபுறத்தில் ஏந்தப்போகும் கை நடுங்கும் கையாகவும் இருக்கலாம் என்பதனை நாமே நமக்குச் சொல்லிக்கொள்வோமாக.